கடலூரால் முடிந்தது நம் பள்ளத்தாக்கால் முடியாதா?

2019 மார்ச் மாதம். நேபாளத்தில் விராட்நகர். தெற்காசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவும் வங்கதேசமும் மோதுகின்றன. முதல் கோலை தலிமா சிப்பர் போட்டுவிட்டார். வங்கதேசப் பெண்கள் சுதாரித்து எழுவதற்குள் இரண்டாவது கோல் விழுகிறது. இடைவேளைக்கு முன்பே மூன்றாவதும் விழுகிறது. அந்த இரண்டையும் அடித்தவர் ஒரே ஆள். நடுக்களத்தில் ஆடுகிற தமிழ்ப் பெண், கடலூர்க்காரர், இந்துமதி கதிரேசன். ஆட்டம் 4-0 என்று முடிந்தது. இறுதியில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று வென்று, தொடர்ந்து ஐந்தாவது முறையாக இந்தியா கோப்பையைத் தூக்கியது.

அந்த வாரம் நம் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரிலோ கம்பத்திலோ, டீக்கடைப் பேச்சில் இது அடிபட்டதா என்றால், இல்லை. ஐபிஎல் தொடங்குகிற நேரம் அது. என் அண்ணன் மகள் பள்ளி அணியில் பந்து ஆட ஆரம்பித்த பிறகுதான் நானே இந்தப் பெயர்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அம்மா. விடியும் முன்பே எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறிவிடுவார். கம்பம்மெட்டு ஏறி அந்தப்பக்கம் இடுக்கியில் வேலை. திரும்பி வர இருட்டிவிடும். அவர் மகளும் அண்ணன் மகளோடு பந்து ஆடுகிற பிள்ளை. நல்ல கால். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏங்க்கா, ஆம்பளப் பிள்ளைக மாதிரி பந்து ஒதச்சு இவ என்னத்த ஆகப் போறா? நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற பிள்ள. கால் கை ஒடஞ்சா யாரு பாக்குறது?"

கேட்டதில் தப்பே இல்லை. நாள் முழுக்கச் சரிவில் நின்று ஏலக்காய் பறிக்கிறவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு, என்னால் முடிந்தவரை விவரத்தோடு பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்துமதி என்ன ஆனார் என்பதில்தான் அந்தப் பதில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியப் பெண்கள் கால்பந்து நேற்று முளைத்தது இல்லை. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இறுதி வரை போனார்கள். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி. இரண்டு முறையும் இரண்டாம் இடம். அந்த 1983-இல்தான் வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். கால்பந்தில் அதை வாங்கிய முதல் பெண் அவர். ஆசியாவில் இரண்டாவது இடத்தில் இருந்த ஒரு அணியை எடுத்துக்கொண்டு என்ன செய்திருக்க வேண்டும்? செய்யவில்லை. போட்டிகள் குறைந்தன, முகாம்கள் நின்றன. 2009-இல் நம் பெண்கள் அணியின் பெயரே உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தோற்று இறங்கியதால் அல்ல. பல மாதங்களாக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததால். நூற்றுப்பத்து கோடிக்கு மேல் ஜனம் இருந்த நாட்டில் பதினோரு பெண்களுக்கு ஆட ஒரு ஆட்டம் ஏற்பாடு செய்ய ஆளில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்துமதி பிறந்தது 1994-இல். அதாவது, பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லாமல் போன காலத்தில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. பெண்களுக்கான தேசிய லீக் என்று ஒன்று தொடங்கியதே 2016-17 பருவத்தில்தான். அப்போது அவருக்கு 22 வயது. அதற்கு முன்னால், தமிழ்நாட்டில் ஒரு பெண் பிள்ளை கால்பந்து ஆடுகிறாள் என்றால் அவள் எதிரே தெரிந்தது என்ன? பள்ளிப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, வருடத்துக்கு ஒருமுறை மாநில அணிகளுக்கான தேசியப் போட்டி. அதுவும் சில வருடங்கள் நடக்காது. அவ்வளவுதான் பாதை. அந்தப் பாதையில் பத்து வருடம் விடாமல் ஓடுவது என்றால், அதற்கு ஆசை மட்டும் போதாது. ஓட ஒரு இடம் வேண்டும்.

அந்த இடம்தான் கடலூர்.

கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்று ஒன்று. பயிற்சியாளர் மாரியப்பன். பெரிய முதலாளி இல்லை, கண்ணாடி மாளிகை இல்லை. ஆனால் அங்கே வருடா வருடம், காலையும் மாலையும், பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து நடந்தது. அதுதான் விஷயமே. ஒரு கோடை முகாமில் பந்தைக் காட்டிவிட்டு அடுத்த வருடம் ஆளைக் காணோம் என்பது இல்லை. ஆறாவது ஏழாவதில் வந்த பிள்ளை கல்லூரி முடிக்கிற வரை அதே மைதானம், அதே பயிற்சியாளர், கூடவே ஆடுகிற மூத்த அக்காக்கள். மூத்தவள் மாநில அணிக்குப் போவாள், திரும்பி வந்து சின்னவர்களோடு ஆடுவாள். அவள் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து சின்னவள் ஆசைப்படுவாள். இந்தச் சங்கிலி அறுந்து போகாமல் ஒரு ஊரில் பத்துப் பதினைந்து வருடம் இருந்தால் தேசிய அணிக்கு ஆள் வரும். கடலூரிலிருந்து வந்தார்கள். ஒருவர் இல்லை, வரிசையாக வந்தார்கள். அந்தக் கழகம் 2017-18 பருவத்தில் தேசிய லீக்கில் தன் பெயரிலேயே ஓர் அணியாக இறங்கியது. ஒரு மாவட்டத் தலைநகரத்துப் பயிற்சிக் கழகம் நாட்டின் முதல் நிலை லீக்கில் ஆடியது என்பதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

இந்துமதியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் சந்தியா ரங்கநாதன். பண்ருட்டிப் பக்கம். முன்களத்தில் ஆடுகிறவர். அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாத நிலையில், கடலூரில் ஓர் அரசு இல்லத்தில் தங்கிப் படித்து வளர்ந்தவர். அங்கே மூத்த பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பார்த்துத்தான் இவரும் ஆட வந்தார். இதை அவரே வெளிப்படையாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார், ஒளித்ததில்லை. அதனால்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

2019 ஏப்ரலில் மியான்மரின் மண்டலே நகரத்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இந்தோனேசியாவை இந்தியா வென்றது, நேபாளத்தையும் வென்றது. நேபாளத்துக்கு எதிரான முதல் கோல் சந்தியாவுடையது. கடைசி ஆட்டம் மியான்மரோடு. அதிலும் முதல் பத்து நிமிடத்துக்குள் சந்தியாவின் கோல். ஆனால் ஆட்டம் சமனில் முடிந்தது. 3-3. தோற்கவில்லை. ஆனால் கோல் வித்தியாசத்தில் மியான்மர் மேலே போனது, நாம் வெளியே. தோற்காமலேயே வெளியேறுவது என்ன வலி என்று ஆடுகிற பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

பிறகு 2023 பிப்ரவரியில் சென்னை நேரு மைதானத்தில் நேபாளத்தோடு நட்பு ஆட்டங்கள் நடந்தன. மகள் இந்தியச் சட்டை போட்டு ஆடுவதை சந்தியாவின் அம்மா நேரில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். சந்தியா அம்மாவோடு நிற்கிற படத்தைப் போட்டு, தன் அம்மாவே தன் நாயகி என்ற பொருளில் எழுதியது நாடு முழுக்கப் பரவியது. அந்தப் படத்தைத்தான் எங்கள் தெரு அம்மாவுக்கு நான் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தப் பிள்ள அம்மா எங்கள மாதிரிதான இருக்கு" என்றார்.

இனி, ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கோல் அடிக்கிறவர் பெயர் செய்தியில் வரும். நடுக்களத்தில் ஆடுகிறவரை கேமராவே பல நேரம் கண்டுகொள்ளாது. ஆனால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் ஒரு நடுக்கள ஆட்டக்காரரைத்தான் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். பந்து வேறு எங்கோ இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. யார் நெருங்குகிறார்கள், யார் தனியாக நிற்கிறார்கள் என்று பந்து வருவதற்கு முன்பே மனசில் வாங்கிவிட வேண்டும். உடம்பை முழுசாகப் பந்துக்கு நேரே வைக்காமல் ஒருபக்கமாகத் திறந்து வைத்தால்தான், வந்த பந்தை முதல் தொடுதலிலேயே முன்பக்கம் திருப்ப முடியும். முதல் தொடுதல் அரையடி தள்ளிப் போனால் எதிராளி கால் வந்துவிடும். அதோடு ஓட்டம் வேறு. சர்வதேச ஆட்டம் ஒன்றில் நடுக்களத்துக்காரர் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார். அதுவும் சீரான ஓட்டம் இல்லை, நின்று, பாய்ந்து, திரும்பி, மறுபடி பாய்ந்து ஓடுவது. இந்துமதி இந்த வேலையைத்தான் வருடக்கணக்காகத் தேசிய அணிக்குச் செய்தார். கோலும் அடித்தார் என்பது அதற்கு மேல்.

2018-இல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாடு முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. இறுதியில் யாரை வென்றது தெரியுமா? மணிப்பூரை. பதினைந்து தடவைக்கும் மேல் கோப்பை வாங்கிய அணி. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் கிராமத்துக்குக் கிராமம் கிளப், பாட்டி காலத்திலிருந்து ஆட்டம். பெம்பெம் தேவி, பாலா தேவி போன்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்த மண். அவர்களை 2-1 என்று தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றார்கள். அந்த அணியின் தூண்களில் ஒருவர் இந்துமதி. பிறகு 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாவது முறையும் கோப்பை நம் கைக்கு வந்தது. ஒருமுறை வென்றால் அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். இரண்டாவது முறைக்கு என்ன சொல்வார்கள்?

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2016-இல் சீனி மொகைதீன் தொடங்கியது. ஆண்கள் அணியின் ஓரத்தில் ஒட்டவைத்த பெண்கள் அணி இல்லை. பெண்கள் கால்பந்துக்காகவே அறியப்பட்ட கிளப். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த தேசிய லீக் இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளரும் ஒரு பெண், கேரளாவின் அம்ருதா அரவிந்த். தேனியிலிருந்து ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் மதுரை. அந்த மதுரையின் பெயரில் ஒரு அணி இந்தியாவிலேயே முதலாவதாக வந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்துமதி, சந்தியா இருவருமே சேதுவுக்கு ஆடியவர்கள். 2021-22 பருவத்தில் புவனேஸ்வரத்தில் சேதுவும் கோகுலம் கேரளாவும் கடைசி ஆட்டம் வரை கோப்பைக்காகப் போராடின. அந்த முறை கோகுலம் வென்றது. அதன்பின் இருவரும் கோகுலம் சட்டையிலும் ஆடினார்கள். 2023-இல் அகமதாபாத்தில் கோகுலம் மறுபடி சாம்பியன். அடுத்து இந்துமதி ஒடிசாவுக்குப் போனார். இப்படி ஊர் ஊராக, அணி அணியாக மாறி ஆடுவதுதான் இப்போது ஒரு தொழில்முறை வீராங்கனையின் வாழ்க்கை.

தொழில்முறை என்றதும் பணம் பற்றிக் கேட்பீர்கள். நியாயம். எங்கள் தெரு அம்மாவும் அதைத்தான் அடுத்துக் கேட்டார். உண்மையை உள்ளபடி சொல்கிறேன். பெண்கள் லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருடத்துக்கு 3.2 லட்சம் ரூபாயாவது கொடுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2023-இல்தான் முடிவெடுத்தது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். ஆண்கள் லீக்கில் புழங்கும் பணத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. நாட்டுக்காக ஆடுகிற பெண்ணுக்கு இது போதாது என்பதுதான் என் கருத்து, அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இதுவும் இல்லை.

அதனால்தான் வேலை முக்கியமாகிறது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். எஸ்.ஐ. மேடம். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நாட்டில் எல்லா விளையாட்டும் நின்றது. மற்ற வீரர்கள் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்த வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்துமதி சென்னையில் காக்கிச் சட்டை போட்டுத் தெருவில் நின்றார். முகக்கவசம் போடாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டு, பணி முடிந்த நேரத்தில் உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டு. அவர் மறித்த வண்டிக்காரர்களில் ஒருவருக்காவது, தன்னை நிறுத்துகிறவர் இந்திய அணியின் நடுக்களம் என்று தெரிந்திருக்குமா?

"போலீஸா?" என்று எங்கள் தெரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்றும் சொன்னேன். காவல்துறை, ரயில்வே என்று விளையாடுகிற பிள்ளைகளை எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சான்றிதழ் எந்த நிலைப் போட்டியுடையது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் பந்து ஆடுகிற பெண்ணுக்கு வாழ்க்கையில் முன்னேற வழியே இல்லை என்பது சுத்தமாகத் தவறு.

இந்துமதியின் கதையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிற பகுதி 2022 ஜனவரி. பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடக்கிறது. மும்பை, நவி மும்பை, புனே. இதற்காக மாதக்கணக்கில் முகாம். 2021 நவம்பரில் பிரேசில் வரை போய், மனாவுஸ் மைதானத்தில் பிரேசிலோடு மோதி வந்தார்கள். 1-6 என்று தோல்விதான். ஆனால் மனீஷா கல்யாண் பிரேசிலுக்கு எதிராக ஒரு கோல் போட்டார், அது சின்ன விஷயமா? இவ்வளவு தயாரிப்போடு சொந்த மண்ணில் இறங்கினார்கள். காலிறுதிக்குப் போய் அதையும் தாண்டினால் உலகக் கோப்பை. முதல் ஆட்டம் ஈரானோடு 0-0. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் முகாமுக்குள் கொரோனா புகுந்து, பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளுக்குத் தொற்று. சீன தைபேயோடு ஆட வேண்டிய அன்று களத்தில் இறக்கத் தேவையான 13 பேர்கூட இல்லை. ஆட்டம் ரத்து. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. இந்துமதியும் அந்த அணியில் இருந்தார். ஒரு நடுக்கள ஆட்டக்காரருக்கு 27 வயது என்பது கால்கள் உச்சத்தில் இருக்கிற வயது. அந்த வயதில், சொந்த நாட்டில், தோற்காமலேயே கதவு சாத்தப்பட்டது.

அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025-இல். தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0. கடைசி ஆட்டத்தில் எதிரே தாய்லாந்து, அவர்கள் மண், அவர்கள் கூட்டம். சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களால் 2-1 என்று இந்தியா வென்றது. தகுதிச் சுற்று ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் போவது இதுவே முதல்முறை. அந்த மங்கோலியா ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த பிரியதர்ஷினி செல்லதுரை தமிழ்நாட்டுப் பெண். இந்துமதியும் சந்தியாவும் போட்ட பாதையில் அடுத்த தலைமுறை ஓட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

நம் தேனி மாவட்டத்தில் விளையாட்டு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரியகுளம் என்றால் கூடைப்பந்து. கோடையில் அங்கே நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு ராணுவ அணியும் வங்கி அணிகளும் வந்து ஆடுகின்றன. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரே உட்கார்ந்து பார்க்கும். ஏன் பெரியகுளத்தில் கூடைப்பந்து வேர் பிடித்தது? காரணம் கடலூர்க் காரணம்தான். ஒரு மைதானம், ஒரு கிளப், விடாமல் நடத்துகிற சிலர், பல வருடம். பெரியகுளத்துப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட உயரமாகப் பிறந்துவிடவில்லை.

கால்பந்துக்கு அப்படி ஒரு இடம், அதுவும் பெண் பிள்ளைகளுக்கென்று, கூடலூரிலிருந்து தேனி வரை தேடிப் பாருங்கள். பள்ளிகளில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் வந்தால் ஒரு மாதம் பயிற்சி நடக்கும். முதலமைச்சர் கோப்பை வந்தால் இன்னொரு மாதம். போட்டி முடிந்தால் பந்து அறைக்குள் போய்விடும். பத்தாம் வகுப்பு வந்தால் பிள்ளையும் அறைக்குள் போய்விடும். இவ்வளவுக்கும் இந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பாருங்கள். சுருளிப்பட்டி பக்கத்துப் பிள்ளைகள் விடுமுறை நாளில் திராட்சைத் தோட்டத்தில் அம்மாவோடு கொத்து வெட்டுகிறார்கள், கூடை தூக்குகிறார்கள். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு மேட்டில் ஏறி இறங்குவது தினசரி நடை. மூச்சுக்கும் காலுக்கும் பஞ்சமில்லை. முதல் தொடுதலும், தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கமும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியவை. அவை பன்னிரண்டு வயதுக்குள் படிந்தால் நிற்கும். இருபதில் உட்கார்ந்து கற்க முடியாது.

அண்ணன் மகள் ஆடுகிற மைதானத்தைச் சொல்கிறேன். பாதி இடம் சரளைக்கல். மழை பெய்து காய்ந்த பிறகு தரை வெடித்து விளிம்பு கூராக நிற்கும். கோல் போஸ்ட் இருக்கிறது, வலை கிடையாது. கோல் விழுந்தால் பந்தை எடுக்க முள்வேலி வரை ஓட வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்டட் ஷூ இல்லை. அக்கா போட்டுக் கழித்த கேன்வாஸ் ஷூவின் முனையில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவள்தான் எங்கள் தெரு அம்மாவின் மகள். அந்த ஷூவோடு அவள் இடது காலால் தூரத்துப் பந்தை இறக்கி நிறுத்துவதைப் பார்த்தால், பார்க்கிற யாருக்கும் அடிவயிறு கலங்கும். இவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவாளோ என்று.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிள்ளை வயசுக்கு வந்ததும் பாதி வீடுகளில் ஆட்டம் நின்றுவிடுகிறது. சட்டை டவுசர் போட்டு வெளியே ஓடுவதா என்கிற பேச்சு. மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளில்லை. மைதானத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற ஒரு மறைவிடம் இல்லை. பெண் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிற பள்ளிகளில் பிள்ளைகள் கூடுதலாக ஆடுகிறார்கள் என்பதை நான் என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஒரு பி.டி. டீச்சர் இருந்தால், "வயிறு வலிக்குது டீச்சர், இன்னைக்கு ஓடல" என்று வெட்கப்படாமல் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். சொல்ல ஆள் இல்லாதபோது பிள்ளை வருவதையே நிறுத்திவிடுகிறது.

இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம். ஊருக்கு ஒரு மைதானம் வேண்டும் என்றுகூடச் சொல்லமாட்டேன், இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு மைதானத்தில், வருடம் பூராவும் காலையும் மாலையும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்தால் போதும். திருவிழாவுக்கும் கபடிப் போட்டிக்கும் தாராளமாக அள்ளிக் கொடுக்கிற ஊர்தான் இது. வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இங்கே சேர்ந்து செய்தால் எதுவும் நடக்கும் என்று தெரியும். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர்க் கடைக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளமும், பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும், ஷூவும் கொடுத்துவிட முடியும். ஒரு வருடத்துக்கு என்று ஆரம்பிக்காதீர்கள். பத்து வருடம் நடத்துவோம் என்று ஆரம்பியுங்கள்.

அது வருகிற வரை, பெற்றோருக்கு உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்து சேர்க்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும், விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில் வரும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நன்றாக ஆடுகிற பெண் பிள்ளை இருந்தால், பிப்ரவரி மாதமே மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய், பெண்கள் கால்பந்து எந்த விடுதியில் இருக்கிறது, தேர்வு எப்போது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அம்மா ஜீப்பில் ஏலத்தோட்டம் போகிறவர் என்றால், அவருக்குப் பதிலாக நீங்கள் போய்க் கேளுங்கள். எங்கள் தெருப் பிள்ளைக்காக நான் போகிறேன். அவள் இப்போது ஏழாவது படிக்கிறாள். வருகிற கோடையில் எட்டாம் வகுப்புக்கான தேர்வில் நிற்பாள்.